இரட்டையில் இரண்டாவது

12 ஜனவரி 2025, ஞாயிறு

கொட்டிய பனி வாசலில் முழங்காலளவு நிற்கிறது. என் மனுசன் ஆனந்தன் அதை வழித்துவிட்டுத்தான் பஸ் ஓட்டப் போனார். அம்மா அடுப்படியில். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் சேர்த்துவைத்த பழைய றிவோல்வர்ப் பெட்டிகள் ஐந்தையும் துடைத்தேன்.

நொயெமியிடமிருந்து கடிதம். நொஷாட்டலில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவள். சுவிஸின் இந்த மலைப்பகுதியில் முன்பு நடந்த இலக்குச் சுடும் போட்டிகளைப் பற்றிச் செப்டெம்பரில் கண்காட்சி வைக்கிறார்கள். என்னுடைய ஐந்தாவது சோடியை நடுமேசையில் வைக்க வேண்டுமாம்.

நடுமேசையில்! மூன்று தரம் வாசித்தேன்.

ஐந்தாவது சோடி 1864இல் செய்தது. இரண்டு றிவோல்வர்கள், ஒரே பெட்டி, அடுத்தடுத்த இலக்கங்கள். ஆளைச் சுடுவதற்குச் செய்தவை அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் தொப்பியோடு வரிசையில் நின்று, தூரத்தில் இருக்கும் கடதாசி வட்டத்தில் ஓட்டை போடுவதற்கு. அதற்காக ஒரு மனிதன் மாதக்கணக்கில் குந்தியிருந்து இழைத்திருக்கிறான். இப்படியானவை ஒற்றையாய் எத்தனையோ கிடைக்கும். சோடியாய்க் கிடைப்பது அபூர்வம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடும். பிறகு சேராது.

இவை இரண்டையும் பெட்டிக்குள் படுக்க வைத்தால், கைபிடியின் வால்நட் மரத்தில் ஓடும் ரேகை ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிகிறது. ஒரே மரத்துண்டு. இதை வாங்கி நாலு வருடம். இன்றைக்கும் பார்க்கும்போது மூச்சு ஒருக்கால் நின்றுதான் வருகிறது.

தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக லூப் என்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கடிகாரக் கூடுகளில் பிழை பிடிக்கிறவள் நான். மெஷின் செய்த இரண்டுகூட ஒன்றுபோல இராது என்பது எனக்குத் தெரியும். இதைச் செய்தது கை.

ஆனந்தன் சொல்லுவார்: "ஊரிலை துவக்கைக் கண்டு ஓடிவந்த சனம் நாங்கள். நீ அதைப் பெட்டிக்கை வைச்சுக் கும்பிடுறாய்."

அங்கே நாங்கள் கண்டது துவக்கு. இது — வேறென்னவோ.

2 பெப்ரவரி

நொயெமி தொலைபேசி எடுத்தாள். உள்ளே இருக்கும் பாகங்களையும் படம் எடுத்துத் தரச் சொல்கிறாள். உள்ளுக்குள்ளும் இரண்டும் ஒன்றே என்று ஆட்கள் திரையில் பார்க்கட்டுமாம். சேகரிக்கிறவர்கள் சும்மா திருகாணியில் கை வைப்பதில்லை. ஒரு கீறல் விழுந்தால் போச்சு. ஆனாலும் ஓம் என்றுவிட்டேன். என் கையை நான் நம்பாவிட்டால் யார் நம்புவது?

9 பெப்ரவரி, ஞாயிறு

இல்லை. அப்படி இருக்காது. நான் பிழையாப் பாத்திருப்பன். விளக்கு வெளிச்சம் சரியில்லை. நாளைக்குப் பாப்பம்.

10 பெப்ரவரி

அதேதான்.

15 பெப்ரவரி, சனி

ஐந்து நாளாக எழுத மனம் வரவில்லை. இன்றைக்கு எழுதிவிட வேண்டும்.

முதலாவதைக் கழற்றினேன். நூற்றறுபது வருடத்துக்கு முந்தின திருகாணிகள். ஒன்றின் புரி மற்றதைப் போல இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் துளைக்கென்று கையால் வெட்டி, மாறிப்போகாமல் இருக்கச் சின்னப் புள்ளிகள் குத்தியிருக்கிறான். இரண்டாவதைக் கழற்றினேன். வெளியே தெரியும் திருகாணிகள் அப்படியே, புள்ளிகளும் உண்டு. ஆனால் ஆழத்தில், விசைக்குப் பின்னால், ஒருவர் கண்ணும் படாத இடத்தில் மூன்று திருகாணிகள். மூன்றும் ஒரே அளவு, ஒரே புரி. தினமும் வேலையில் காணும் புரி. எங்கள் காலத்துத் திருகாணி.

பிறகு கைபிடி. ஒவ்வொரு றிவோல்வருக்கும் கைபிடியில் இரண்டு மரப்பலகைகள், இடம் ஒன்று, வலம் ஒன்று. பெட்டிக்குள் படுத்திருக்கையில் ஒவ்வொன்றிலும் ஒரு பலகைதான் மேலே தெரியும். மேலே தெரிகிற இரண்டும் பழையவை. அடியில் மறைந்திருக்கிற இரண்டும் புதியவை. பழையதற்குரிய இரண்டு பலகைகளையும் பிரித்து, ஒன்றை அதிலேயே விட்டு, மற்றதை இரண்டாவதில் பூட்டியிருக்கிறான் யாரோ ஒருவன். அதனால்தான் ரேகை தொடர்ந்து ஓடுகிறது.

புதிய பலகையின் உட்புறத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: பனிக்காலம் 1966. பெயர் இல்லை.

ஆக, என்னுடைய சோடி சோடியே இல்லை. ஒன்று பழையது. மற்றது அதைப் பார்த்துச் செய்தது.

மூன்று வருடத்துக்கு முன் சேகரிப்பாளர் சங்கத்தின் சஞ்சிகையில் எட்டுப் பக்கம் எழுதினேன், இது ஏன் கலப்பில்லாத சோடி என்று. மர ரேகைதான் என் பெரிய சாட்சி. அந்தக் கட்டுரையை வாசித்துத்தான் என்னை அங்கத்தவராகச் சேர்த்தார்கள். அங்கே நான் ஒரே தமிழ் ஆள். ஒரே பெண்ணும்கூட. முதல் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கோப்பி கொண்டுவரச் சொன்னது இன்னும் மறக்கவில்லை.

ஆனந்தனுக்குச் சொன்னேன். "ஆருக்குத் தெரியப்போகுது? திருப்பிப் பூட்டிவிடு, கலா" என்றார். என்மேல் உள்ள இரக்கத்தில்தான் சொன்னார்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அரத்தால் இழுத்த கோடுகளை லூப்பில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றிலும் அவசரம் இல்லை. பழையவன் கை எங்கே கொஞ்சம் வழுக்கியிருக்கிறதோ, அந்த வழுக்கலையும் இவன் செய்திருக்கிறான். எங்கள் தொழிற்சாலை முழுக்கத் தேடினாலும் இதைச் செய்ய இரண்டு பேர் கிடைக்கமாட்டார்கள். ஒருத்தர்கூட இல்லையோ?

யார் நீ?

1 மார்ச்

சங்கத்துக்கும் நொயெமிக்கும் எழுதிவிட்டேன். 'நான் பிழைவிட்டேன்' என்று பிரெஞ்சில் எழுத மூன்று நாள் எடுத்தது.

4 மார்ச்

சங்கத் தலைவரின் பதில், இரண்டு வரி. அடுத்த இதழில் திருத்தம் போடுவார்களாம். 'வருத்தத்துடன்.' நொயெமி நல்லவள், ஆனால் நடுமேசைக்கு வேறு ஏதாவது பார்க்கவேண்டி வரலாம் என்கிறாள். இரண்டாவது இனிப் புராதனப் பொருள் இல்லையே, சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்று கேட்கப் பொலிஸுக்கும் தொலைபேசி எடுத்தேன். படிவம் அனுப்புகிறார்களாம்.

வேலையில் இன்றைக்கு பிழையில்லாத இரண்டு கூட்டைப் பிழை என்று தள்ளிவிட்டேன். அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

18 மார்ச்

ஏலத்தில் அந்தப் பெட்டியை விற்ற பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன். லு லொக்ல் என்ற ஊரில் இருக்கிறாள். அது அவளுடைய அம்மம்மாவிடமிருந்து தாயின் வீட்டுக்கு வந்ததாம். அதில் ஒன்று புதிது என்று தொலைபேசியில் சொன்னேன். "அப்படியென்றால் மார்செல் மாமாதான். வேறு யாராலும் முடியாது" என்றாள்.

மார்செல் மாத்தே. கடிகாரத் தொழிலுக்குக் கருவிகள் செய்தவர். தொண்ணூற்றொரு வயது. முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

உயிரோடு இருக்கிறார்!

29 மார்ச், சனி

போய் வந்தேன்.

நீளமான மனிதர். சக்கர நாற்காலியில் மடிந்து இருந்தார். விரல்கள் மட்டும் வயதாகாதவை போல. நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் துவாயை விரித்து இரண்டையும் வைத்தேன். பிரெஞ்சில்தான் கதைத்தோம். எழுதும்போது எனக்குத் தமிழில்தான் வருகிறது.

கனநேரம் தொடவில்லை. பிறகு இடப்பக்கம் இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, குழலின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார்.

"பாருங்கோ, இந்த இடத்திலை கொஞ்சம் கூடுதலா அராவிப்போட்டன். எத்தினை வருசமா என்ரை மனதை அரிச்சது" என்றார்.

"முசியே மாத்தே, அது பழையது" என்றேன்.

என்னைப் பார்த்தார். றிவோல்வரைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இருமி, தண்ணீர் குடித்து, திரும்பவும் சிரித்தார். நானும் சிரித்தேன். தாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

செய்தவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பதினெட்டு வருடம் பிழை பிடித்த எனக்கு நாலு வருடம் தெரியாமல் போனதில் என்ன வெட்கம்?

அதற்குப் பிறகுதான் கதையைச் சொன்னார்.

30 மார்ச், ஞாயிறு

அவர் சொன்னதை மறக்க முன் எழுதுகிறேன்.

பெட்டி தகப்பனின் தகப்பனுடையது. மார்செலுக்கு எதுவார் என்று ஒரு தம்பி. மகன்மார் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று என்று தகப்பன் சொல்லிவிட்டுச் செத்தார். தான் உயிரோடு இருக்கும்வரை பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்றார் தாய். 1958இல் எதுவாருக்கும் தாய்க்கும் சண்டை. எதைப் பற்றி என்று சொல்லவில்லை. எதுவார் தன்னுடையதை எடுத்துக்கொண்டு கனடாவுக்குப் போனார். ஒரு கடிதம் இல்லை. ஒருநாளும் இல்லை.

தாய்க்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்ததாம். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்திலிருந்து வந்து பெட்டியைத் திறந்து, வெறுமையாய் இருக்கும் குழிக்குள் கையை வைத்துப் பார்ப்பார்.

"அழுதிருந்தா நான் தொடங்கியிருக்கமாட்டன். அவ அழேல்லை" என்றார் மார்செல்.

ஆறு பனிக்காலம். வேலை முடிந்து பட்டறையில் இருந்து செய்தார். இரும்பை மட்டும் மூன்று தரம் எறிந்தார். முடிந்ததும் பெட்டியில் வைத்துவிட்டுத் தாயிடம் சொன்னார்: "எதுவார் திருப்பி அனுப்பியிருக்கிறான்."

தாய் அதைக் கையில் எடுத்தார். குழலை, உருளையை, கைபிடியை, எல்லாவற்றையும் விரலால் பார்த்தார். "அவனுக்கு நன்றி எழுது" என்றார். மார்செல் தாய்க்கு முன்னாலேயே மேசையில் இருந்து கடிதம் எழுதினார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்கே அனுப்புவது?

தாய் 1971இல் இறந்தார். கடைசிக் காலத்தில் கொஞ்சம் தடுமாற்றமாம். ஒருநாள், "எதுவாரிட்டைச் சொல்லு, சுத்தியல் கொஞ்சம் இறுக்கமாயிருக்கு, பாக்கச் சொல்லு" என்றாராம். பின்பக்கம் பெருவிரலால் இழுக்கிற அந்தச் சுத்தியல். "மகன் கனடாவிலை எண்டதையே மறந்துபோனா, பாவம்" என்றார் மார்செல்.

கண்காட்சியில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"வேண்டாம். செய்ததுக்கு வெக்கமில்லை. சொன்னதுக்குத்தான். கண் தெரியாத தாயை ஏமாத்தினவன் எண்டு என்ரை பேரை எழுதப் போறியளோ?"

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

2 ஏப்ரல்

அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா. பக்கத்தில் இருந்து முழுக் கதையையும் சொன்னேன். துவக்குக் கதை என்றாலே எழும்பிப் போகிறவ, இன்றைக்குக் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டா.

"அந்த மனிசிக்குக் கண் தெரியாதோ?"

"ஓம், அம்மா."

"பிறகு, சுத்தியல் இறுக்கம் எண்டு சொன்னவவோ?"

"ஓம். கனடாவிலை இருக்கிறவரிட்டைச் சொல்லச் சொல்லி. கடைசியிலை கொஞ்சம் தடுமாற்றமாம்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. சின்னப்பிள்ளையைப் பார்ப்பது மாதிரி.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? இறுக்கமெண்டா ஆரிட்டைச் சொல்லுறது? செய்தவனிட்டைத்தானே. அவ செய்தவனிட்டைத்தான் சொல்லியிருக்கிறா."

திரும்பக் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டா.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். சோறு கொதித்து வழிந்தது. அம்மாதான் எழும்பி அடுப்பை நிப்பாட்டினா.

5 ஏப்ரல், சனி

திரும்பவும் போனேன். இந்தமுறை பெட்டி இல்லாமல். எப்படிச் சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்தேன். கடைசியில் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். இறுக்கம் என்றால் செய்தவனிடம்தான் சொல்வார்கள் என்று.

மார்செல் அசையவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துத் திரும்பச் சொல்லப் போனேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்கடை அம்மா கடிகாரத் தொழிற்சாலையிலை வேலை செய்தவவோ?"

"இல்லை. ஐந்து பிள்ளை வளர்த்தவ."

யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல, விட்டுவிட்டுச் சொன்னார். தாய் அப்படிச் சொன்ன கிழமையே சுத்தியலைக் கழற்றி, ஒரு மயிரளவு தேய்த்துத் திரும்ப வைத்திருக்கிறார். தாய்க்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தாய் அதை எடுத்துப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தாராம். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாராம். "நல்ல பிள்ளை" என்றாராம்.

"நான் அது எதுவாரை எண்டு நினைச்சன்." என் பக்கம் திரும்பினார். "ஐம்பத்தஞ்சு வருசம். அந்த ஒரு சொல்லுக்காக அவனிலை எனக்கு எரிச்சல்."

அவர் கையைப் பிடித்தேன். எலும்பும் சூடும்.

அவருக்கு முன்னால் நான் ஒன்றும் அழவில்லை. நிலையத்தில்தான். ரயில் ஒன்றைத் தவறவிட்டேன்.

எட்டுப் பக்கம் எழுதிய எனக்கும் ஏலக்காரர்களுக்கும் தெரியாதது, கண் தெரியாத ஒரு மனுசியின் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் எடுத்த முதல்நாளே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் 'நன்றி எழுது' என்றாரா? எழுதட்டும், வாசிக்க வேண்டியவன் எழுதுகிறவன்தானே என்றா?

பெயர் போடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. நான் வெளிக்கிடும்போது அவரே சொன்னார்: "அது அம்மாவுக்கும் எனக்கும் இடையிலை இருக்கட்டும்."

11 மே

சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். திருத்தம் போட முன் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு மணித்தியாலம் லூப்போடு இருந்தார். அம்மா வைத்த வடையைத் தொடவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "நானும் பிழைவிட்டிருப்பேன், மதாம்" என்றார். பிறகு நாலு வடை சாப்பிட்டார்.

3 ஜூன்

நான் எழுதிய திருத்தம் வந்துவிட்டது. பன்னிரண்டு பக்கம். பெயர் இல்லாமல், தாய் கதை இல்லாமல், திருகாணியையும் மரத்தையும் அரத்தையும் பற்றி மட்டும். எழுதும்போது பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே கேள்வி, செய்தவர் யார்?

14 ஜூலை

நொயெமி வந்து பார்த்தாள். நடுமேசை திரும்பவும் எங்களுக்குத்தான். இரண்டையும் கழற்றி, பாகங்களை எதிரெதிரே அடுக்கி வைக்கப் போகிறாள். அட்டையில் பழையதற்கு '1864', மற்றதற்கு '1960–1966, லு லொக்ல், கருவி செய்பவர் ஒருவர்'. போதும் என்றேன்.

ஆனந்தன் மேசையில் இருந்ததை முதல்தரம் கையில் எடுத்துப் பார்த்தார். "உவ்வளவு பாரமோ" என்றார். உடனே வைக்கவில்லை.

20 செப்டெம்பர், சனி

கண்காட்சி திறந்தது. நினைத்ததைவிடச் சனம். ஏரிப்பக்கம் வெயில் அடித்தும் உள்ளே வந்தார்கள்.

மார்செலை, பெட்டியை ஏலத்தில் விற்ற மருமகள் வான் வண்டியில் கூட்டிவந்தாள். அம்மாவை அறிமுகம் செய்தேன். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர் நாற்காலியின் இரண்டு பக்கமும் பிடித்து எழும்பி நின்றார். மருமகள் வேண்டாம் வேண்டாம் என்றாள். அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அம்மா, "இருங்கோ ஐயா, இருங்கோ" என்றா. அவர் விளங்கினதுபோலத் திரும்ப நாற்காலியில் இருந்தார்.

நடுமேசையைச் சுற்றி ஆட்கள். கண்ணாடிக்குள் இரண்டு உருளை, இரண்டு சுத்தியல், இரண்டு விசை. எல்லாரும் பழையதை ஒருக்கால் பார்த்துவிட்டு மற்றதில்தான் நின்றார்கள். ஒரு கிழவர், தொழில் தெரிந்தவராக இருக்கவேண்டும், மூக்கு முட்டக் குனிந்து நின்று, "இதை ஒரு மனிதனா செய்தான்?" என்று தன் பாட்டில் கேட்டார். மார்செல் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். காது சிவந்துபோனது.

ஆட்கள் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டார். அந்த அட்டையை வெளியே எடுக்கலாமா என்று கேட்டார். பிழை இருக்கிறதாக்கும் என்று பயந்துவிட்டேன். நொயெமி திறப்பைக் கொண்டுவந்து கண்ணாடியைத் திறந்தாள்.

அட்டையை மடியில் வைத்து வாசித்தார். மருமகளிடம் பேனை வாங்கினார். 'கருவி செய்பவர் ஒருவர்' என்றிருந்ததற்குக் கீழே எழுதத் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல்.

மார்செல் மாத்தே. அதற்குக் கீழே இன்னொரு வரி: என் அம்மாவுக்காக, அவருக்குத் தெரிந்தே.

என்னிடம் தந்துவிட்டு, "மை காயட்டும்" என்றார்.

பிறகு நொயெமி என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள், அழகாக அச்சடித்து மாற்றட்டுமா என்று. வேண்டாம் என்றேன்.